பாதி முறத் தவிடு

கேபி ஹால்வர்சன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர், அயோவா மாநிலத்தில் பெல் க்ரீக் என்னும் மக்காச்சோளக்காட்டு ஊரில், கணவனை இழந்த ஒரு தாய்க்கு ஒரே மகளாக வளர்ந்தார் என்று அவரைப் பற்றி எழுதிய புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. அது பாதி சரி. மீதிப் பாதியைக் கேட்டுக்கொண்டு போகத்தான் போன தை மாதம் அங்கிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர், ஒலிப்பதிவுக் கருவியும் வெயில் தொப்பியுமாக, எங்கள் நொச்சிக்காட்டுப்புதூர் ரைஸ்மில் வாசலில் வந்து இறங்கினார். அவருக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. கேபியின் பிறந்த வருடம் ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது என்பது ஒன்று. இரவைப் பற்றி அவரளவுக்கு யாரும் எழுதியதில்லை என்று அந்த நாட்டுப் படிப்பாளிகள் கொண்டாடுகிறார்களே, அது எந்த ஊர் இரவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரு முறம் தவிட்டில் இருக்கிறது என்றேன். தவிடு என்றால் என்ன என்று கேட்டார். மில் வாசலில் இத்தனை காலமாக டீக்கடை வைத்திருப்பவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான், ஆகவே பெஞ்சில் உட்கார வைத்து, டீயைக் கையில் கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மாராத்தாள் இந்த மில்லில் நெல் காயவைக்கும் பெண். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலாலேயே கோடு கோடாகத் துழாவிவிடுவது அவள் வேலை. அவள் வீட்டுக்காரன் நாச்சிமுத்து உமி அடுப்புக்காரன், பகலெல்லாம் பாய்லரோடு பேசுவான், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டான். அவர்களுக்கு முதலில் பிறந்ததும் அடுத்துப் பிறந்ததும் பேர் வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது அப்படிப்பட்ட வீட்டில் என்ன செய்வார்களோ அதை ஊர் செய்தது. பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்திவிட வேண்டும், பிள்ளை நிலைத்த ஒருத்தி தற்செயலாக வருவது போல வந்து ‘இது என்ற பிள்ளை’ என்று சொந்தம் கொண்டாடி எடுத்துக்கொள்ள வேண்டும், பெற்றவள் ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து அதை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் எமன் குழம்பிப்போய் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான் என்பது ஏற்பாடு. தற்செயலாக வருவதற்கு வள்ளியக்காவைப் பேசி வைத்திருந்தார்கள், ஏழு பெற்று ஏழையும் வளர்த்தவள் அவள். அன்றைக்கென்று பார்த்து அவளுடைய எருமை கன்று போட ஆரம்பித்துவிட்டது.

ஆகவே உண்மையிலேயே தற்செயலாக வந்தவர் கோழியம்மாதான். ஹேசல் ஹால்வர்சன் என்ற பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வைத்த பெயர் அது. வீட்டுக்கு வீடு வெள்ளைக்கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுப்பதற்காக வந்திருந்த அமெரிக்க அம்மாள், வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோகிறவர், அன்று சாயங்காலம் தன் நாட்டுக்குக் கிளம்ப இருந்தவர், விட்டுப் போகிற கோழிகளுக்குக் கடைசியாகக் கொஞ்சம் தவிடு வாங்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று மில்லுக்குச் சைக்கிளில் வந்தார். குப்பைமேட்டில் ஒரு குழந்தை கைகாலை உதறிக்கொண்டு கிடந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார், எடுத்தார், நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தன் பாஷையில் என்னவோ சொல்லி அழுதார். மில் சுவருக்குப் பின்னால் நின்ற மாராத்தாளுக்கு ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்கத் தோன்றியது. ஆனால் முறை தொடங்கிவிட்டால் நடுவில் ‘அது என் பிள்ளை’ என்று வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அத்தனையும் வீண், எனவே அவள் பேசாமல் வந்து முறத்தை நீட்டினாள். கோழியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மரியாதை தெரிந்தவர். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறாத ஓர் ஏழைப் பெண், தான் கேட்பதற்கு முன்பே ஒரு முறம் தவிட்டைக் கொடுக்கிறாள், முழுவதையும் எடுத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? பாதியைத் தன் பையில் கொட்டிக்கொண்டு, மீதியை முறத்தோடு திருப்பிக் கொடுத்தார். மாராத்தாள் கையை நீட்டியதும் பிள்ளையையும் கொடுத்தார். வேலை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

பிள்ளைக்குக் குப்பாத்தாள் என்று பேர் வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் தொட்டில் காலியாக இருந்தது. கிணறு, வைக்கோல்போர், உமிக் குடோன் எல்லாம் தேடிவிட்டு, விடியற்காலையில் எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்தபோது, தொட்டிலுக்குள் பிள்ளை தன் காலைத் தானே பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பொழுது சாய்ந்தால் போய்விடும், விடிந்தால் வந்துவிடும், அழுகை கிடையாது, தூக்கமும் கிடையாது, வயிறு மட்டும் நிறைந்திருக்கும்.

எங்கே போகிறது என்பதுதான் ஊருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது, ஏன் போகிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. காலையில் களத்துக்கு வரும் பெண்கள் முதலில் மாராத்தாள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மோந்து பார்ப்பார்கள். பால்பவுடர் வாசம் அடிக்கிறது என்பாள் ஒருத்தி, இல்லை, இது சோப்பு என்பாள் இன்னொருத்தி. ஒரு நாள் தலைமுடியில் மக்காச்சோளக் கதிரின் பட்டு இழை ஒட்டியிருந்தது, எங்கள் பக்கம் அப்போது அது கதிர் பிடிக்கிற மாசமே இல்லை. மார்கழி போலக் குளிராத ஒரு மாசத்தில் பிள்ளையின் உள்ளங்காலில் வெள்ளையாக ஏதோ இருந்தது, தொட்டால் சுட்டது, தொட்டவள் கத்துவதற்குள் தண்ணீராகிவிட்டது. கடைசியில் ஒரு நாள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தது, அந்தக் குல்லாயில் ஒரு வெள்ளைக்கோழி பின்னியிருந்தது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

“பாதித் தவுட்டுக்குப் பாதிப் பிள்ளைதான் வரும்” என்று வள்ளியக்கா சொன்னாள். “பகல் உனக்கு, ராத்திரி அந்தம்மாளுக்கு. எம்பட எருமையச் சொல்லோணும், மாரா, வேறென்னத்தச் சொல்ல?”

“அங்க நல்லா வெச்சிருக்காங்களாக்கா?”

“குல்லாயப் பாத்தீல்ல? ஒரு தையல் பெசகலியே.”

மாராத்தாள் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் அவள், கண்முன்னால் ஒன்று கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தது, முழுசாகக் கேட்கப்போய் இருக்கிற பாதியும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

எங்களுக்குப் பொழுது சாயும் நேரம் அங்கே விடிகிற நேரம் என்பதால், குப்பாத்தாள் பகலிலிருந்து பகலுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். போகும்போது உடுத்தியிருக்கும் துணி மட்டும் கூடப் போகும், கையில் கொடுப்பது போகாது, பையில் போட்டதும் போகாது. மில் முதலாளி ஒரு வாட்ச் வாங்கி வரச் சொன்னார், என் மனைவி ஒரு கரண்டி அந்த ஊர்ச் சர்க்கரை கேட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் பொத்தான் இங்கே அறுந்தால் அங்கே தைத்து வரும், பாவாடை அங்கே கிழிந்தால் இங்கே ஒட்டுப்போட்டுப் போகும், அந்தத் தையலைப் பார்த்தே அந்தம்மாளுக்கு இன்றைக்குக் கோபம், இன்றைக்குக் காய்ச்சல் என்று மாராத்தாள் சொல்லிவிடுவாள். மற்றபடி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரக்கூடியது குப்பாத்தாளின் வாயில் இருப்பது மட்டும்தான்.

அதனால் அவள் சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். களத்தில் அம்மாவின் பின்னால் நெல்லைத் துழாவிக்கொண்டே, அங்கே ஆறு உறைந்துபோய் அதன்மேல் லாரி போகிறது என்பாள், அங்கே மக்காச்சோளத்தை மனிதர்கள் வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள் என்பாள், மேற்கு வானத்திலிருந்து ஒரு காற்று தும்பிக்கை மாதிரி இறங்கி வந்து ஒரு வீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது என்பாள், பெண்கள் காலை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், நெல் ஒரு பக்கமாகக் காய்ந்துபோகும். அங்கே போனாலும் அதே கதைதான். அரிசியை உமியோடு ஒரு முறை வேகவைத்துக் காயவைத்துக் குத்தி மறுபடியும் வேகவைப்போம் என்று அவள் சொன்னதைப் பெல் க்ரீக்கில் ஒருவரும் நம்பவில்லை, ஒரு வேலையை எந்த மடையன் இரண்டு தரம் செய்வான் என்று சிரித்தார்கள். வாயால் சொன்னால்தானே சிரிப்பீர்கள் என்று கோபித்துக்கொண்டு அதை எழுதிக் கொடுத்தாள், பள்ளிக்கூடத்துப் பத்திரிகையில் போட்டார்கள், அங்கிருந்து ஒரு பெரிய பத்திரிகை எடுத்துப் போட்டது. அங்கே கேபி என்று பேர் வாங்கின எழுத்தாளர் இப்படித்தான் உண்டானார், புத்தகங்களில் வேறு மாதிரி இருக்கும்.

ஊரெல்லாம் அவளைக் கேட்டது. அவள் என்னையும் சேர்த்து எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“மாமா, இருட்டுன்னா எப்படி இருக்கும்?”

“கறுப்பா இருக்கும், அம்மிணி.”

“நம்ம எருமையாட்டவா?”

“எருமை தெரியுமல்ல? இருட்டுல அதுகூடத் தெரியாது.”

“குடோன்ல கதவச் சாத்திப் பாத்துட்டேன் மாமா. அது சும்மா கதவச் சாத்துன பகலு. வேற என்னமோ இருக்கோணும்.”

எங்களுக்குத் தினமும் வந்து போகிற ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. தமிழ் வாத்தியார் நிலாவைப் படம் போட்டுக் காட்டினார், முதலாளி நட்சத்திரத்துக்கு வெள்ளிக்காசைக் காட்டினார், பெல் க்ரீக்கிலும் என்னென்னவோ காட்டியிருக்கிறார்கள், அவளுக்குத் திருப்தி வரவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது, நாங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். தூங்கவே தூங்காத பிள்ளை இரண்டு பங்கு வாழ்ந்தது, ஆகவே இரண்டு பங்கு வளர்ந்தது. கூடப் படித்த பெண்கள் முதலில் குப்பு என்றார்கள், பிறகு அக்கா என்றார்கள், ஒரு கட்டத்தில் வாத்தியாரே ‘வாங்க, உக்காருங்க’ என்று ஆரம்பித்துவிட்டார். காங்கேயம் சந்தையில் துணிக்கடைக்காரர் தாயையும் மகளையும் பார்த்து, அக்கா தங்கச்சிக்கு ஒரே மாதிரி எடுத்துக்கோங்க என்றபோது மாராத்தாள் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை நிறுத்தினாள்.

“இது என்ன கண்ணு?”

“நரைம்மா. அங்க அம்மாவுக்கும் இருக்குது.”

“அவங்களுக்கு இருக்கட்டும். எனக்கே இன்னும் வரலியே.”

அன்றைக்கு மாராத்தாள் களத்துக்கு வரவில்லை. வள்ளியக்கா வீட்டு வாசலில் போய் நின்று ஓவென்று அழுதாள். என்ற பிள்ளை எனக்கு முன்னால கெழவியாகி, எனக்கு முன்னால போயிருவாளேக்கா, அதைப் பாக்கறதுக்கா குப்பையில போட்டு எடுத்தேன் என்று கேட்டாள், கேட்டுக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் தலை நிமிரவில்லை.

வள்ளியக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். “அழாத. மிச்சப் பாதியக் குடுத்து முழுசா வாங்கீரு.”

“எப்படிக்கா குடுக்கறது? ஒண்ணும் போறதில்லையே.”

“உடுத்துனது போகுதல்ல? துணியோட சேத்துத் தெச்சது துணிதான்.”

களத்துப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு உள்துணி கொடுத்து, மெத்தைக்குப் பஞ்சு அடைப்பதுபோலத் தவிட்டை அடைத்துத் தைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் குப்பாத்தாள் அதை உடுத்திக்கொண்டு நின்றாள், அசைந்தால் சரசரவென்று சத்தம் வந்தது.

“அந்தம்மாகிட்டச் சொல்லு, இது மிச்சப் பாதி, வாங்கிக்கச் சொல்லு” என்றாள் மாராத்தாள். “அப்பறம் வீட்டுக்கு வந்து தூங்கு சாமி. ஒரே ஒருக்கா நீ தூங்கி நான் பாக்கோணும்.”

குப்பாத்தாள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெளிச்சம் இறங்கியது, அவள் நின்ற இடம் காலியானது.

விடிந்தபோது வந்துவிட்டாள். பாவாடை போனதைவிட இரண்டு மடங்கு பருத்திருந்தது, விளிம்பு முழுக்க அந்தப் பக்கத்துத் தையல்.

“வாங்கிக்கலியா?” என்று கேட்டாள் மாராத்தாள்.

“இல்லம்மா. முறம், குப்பைமேடு, பாதி, எல்லாத்தையும் சொன்னேன். அப்படியே உக்காந்துட்டாங்க. மரியாதைன்னு நெனைச்சுத்தானே பாதிய விட்டேன், ஒரு பிள்ளைய ரெண்டாக்கிட்டனேன்னு அழுதாங்க. அப்பறம் அன்னைக்கு அவங்க எடுத்துட்டுப் போன பாதிக்கும் அளந்து இதுலயே வெச்சுத் தெச்சுட்டாங்க. அங்க ஏது நெல்லு? சோளத் தவுடு.”

“அப்படீன்னா?”

“அவங்க பாதிய நீ திருப்பி வாங்கிக்கிட்டா நீ என்னை வாங்குனதே இல்லைன்னு ஆயிரும், நான் அங்கியே இருந்துருவேன். ரெண்டையும் சேத்து நீ மறுபடி அனுப்புனா அவங்க மறுபேச்சில்லாம வாங்கிக்குவாங்க, நான் இங்கியே இருந்துருவேன். பெத்தவங்க அவங்கதானே, அவங்களே சொல்லட்டும்னாங்க.”

மாராத்தாள் களத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். நெல் தவிடும் சோளத் தவிடும் முறத்தில் ஒன்றாகக் கொட்டிக் கலந்தன. ஊர் சுற்றி நின்றது. அனுப்பு என்றாள் வள்ளியக்கா, யோசனை என்ன என்றார் முதலாளி, பேர் வாங்கின பிள்ளை அங்கேயே இருக்கட்டுமே என்று நான்கூட எதையோ சொல்லிவைத்தேன். பாய்லரை விட்டு வெளியே வராத நாச்சிமுத்து வெளியே வந்து நின்றான். மாராத்தாள் யாரையும் பார்க்கவில்லை, முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எனக்கு நீ முழுசா வேணும். அதைச் சொல்லாம இருக்க என்னால ஆகாது” என்றாள். “ஆனா குப்பையில கெடந்தன்னைக்கு உனக்கு வாயில்ல, நாங்களா வித்தோம், நாங்களா வாங்குனோம். இப்ப உனக்கு வாயிருக்குது. இந்தா. நீயே அளந்துக்க.”

குப்பாத்தாள் முறத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு என் கடைப் பக்கம் நடந்து வந்தாள். கோழியம்மா விட்டுப்போன வெள்ளைக்கோழிகளின் பேரன் பேத்திகள் அங்கே எச்சில் பன்னைக் கொத்திக்கொண்டிருந்தன. முறத்தை ஒரு வீசு வீசினாள். கோழிகள் ஓடி வந்தன, எது எந்த ஊர்த் தவிடு என்று பார்க்காமல் கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று தீர்த்துவிட்டு, மண்ணையும் இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின.

“வெலையே தீந்துபோச்சு” என்று வள்ளியக்கா வாயில் கை வைத்தாள். “இனி அவளுக்கு அவதான் சொந்தம். ஆனா பொழுதோட என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது.”

அதனால் அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் மொத்தமும் களத்தில் கூடிவிட்டது. இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் மாராத்தாளுக்கு, மகளின் மணிக்கட்டை விடவில்லை. போகாமல் இருந்துவிட்டால் அவளுக்கு இருட்டை யார் காட்டுவது என்ற சண்டை எங்களுக்கு. விளக்கு ஒன்றும் போடக் கூடாது என்று முதலாளி உத்தரவிட்டார், நட்சத்திரத்தை நான்தான் காட்டுவேன் என்று வாத்தியார் முன்னால் வந்து நின்றுகொண்டார், விருந்தாளியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனவர்கள் மாதிரி எல்லோரும் இருட்டு ஏறி வரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியன் இறங்கியது. குப்பாத்தாள் அங்கேயே இருந்தாள். மாராத்தாள் அவள் தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், இருந்தாள். அப்போது குப்பாத்தாள் வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்தாள், அவள் கொட்டாவி விட்டு யாரும் பார்த்ததில்லையாதலால் என்னவோ ஏதோ என்று பதறினோம். அம்மாவின் மடியில் சாய்ந்தாள். முதல் நட்சத்திரம் வருவதற்குள், வாத்தியார் கையைத் தூக்குவதற்குள், தூங்கிப்போனாள்.

ஊரெல்லாம் நின்று என்ன செய்வது? ஒவ்வொருவராகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மழைக்காலம் வரைக்கும் அவள் இங்கே இருந்தாள், பிறகு எல்லோரையும் போலப் டிக்கெட் எடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, விமானம் ஏறி அமெரிக்காவுக்குப் போனாள். பாஸ்போர்ட்டில் இருந்த வயதையும் அவள் முகத்தையும் பார்த்த அதிகாரி, தப்பு நடந்திருக்கிறது என்று தன் பங்குக்கு ஒரு வருடத்தை எழுதினார், அடுத்த அதிகாரி இன்னொன்றை எழுதினார், பிறந்த வருடம் மாறுகிற கதை அதுதான். ஒரு தடவை கோழியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை புரியாமல் அந்த இரண்டு பேரும் களத்து ஓரத்தில் உட்கார்ந்து, பழைய பாவாடையை விரித்து வைத்து, ஒருத்தி போட்ட தையலை ஒருத்தி விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராய்ச்சிக்காரரின் டீ ஆறிப்போயிருந்தது. அந்த இரவு எந்த ஊர் இரவு, அதைச் சொல்லவில்லையே என்றார். அதற்கு அவள் தூங்கிப்போன மறுநாள் களத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்றேன். உச்சி வெயில் வந்த பிறகுதான் குப்பாத்தாள் கண் விழித்தாள், மாராத்தாள் அதே இடத்தில், மரத்துப்போன காலை நீட்டாமல், மேலே ஒரு துண்டைப் பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“இருட்டு வந்துச்சாம்மா?”

“வந்துச்சு கண்ணு.”

“நான் பாக்கலியே. எப்படி இருந்துச்சு?”

வாழ்நாளெல்லாம் மகள் சொல்லக் கேட்டே பழகியவள், ஒரு கதையும் சொல்லத் தெரியாதவள், நெல்லைப் பார்த்தாள்.

“மொதல்ல நெல்லோட நெறம் போச்சு” என்றாள். “பொறவு என்ற கையோட நெறம் போச்சு. கடைசியா உன்ற மொகம் மட்டும் மிச்சம் இருந்துச்சு. அதையும் எடுத்துக்கப் பாத்துச்சு, நான் விடல.”